படத்துக்கு கீழ ஊர் பேரை போடுங்க ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல நடுப்பக்கம் முழுக்க கோயில் சிற்பம், மலை, பாறைன்னு அஞ்சு படம் போட்டிருந்தீங்க. நல்ல படங்க. எடுத்த பிள்ளைங்க யாருன்னு தெரியல, ஆனா வெளிச்சத்துக்காக காத்துக்கிடந்து எடுத்திருக்காங்கன்னு பாத்த உடனே தெரிஞ்சுது. நான் கும்பகோணம் பக்கத்துல முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டுடியோ வச்சிருந்தவன், கல்யாண ஆர்டர் இல்லாத நாள்ல எல்லாம் கேமராவ தூக்கிகிட்டு தஞ்சாவூர் பாசஞ்சர்ல ஏறி ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல இறங்கி கோயில் கோயிலா சுத்துனவன், அதனால அந்த உழைப்பு எனக்கு புரியும். ஆனா படத்துக்கு கீழ என்ன எழுதியிருக்கீங்க? ஒண்ணுல "கண்ணைக் கவரும் சோழர் கலை"ன்னு இருக்கு. இன்னொண்ணுல "மனதை மயக்கும் மாலைப் பொழுது". மூணாவதுல "தஞ்சை பெரிய கோயில் தேர்ச்சக்கரம்"னு இருக்கு, அது தஞ்சாவூரே இல்ல ஐயா, தாராசுரம். மத்த ரெண்டுக்கும் ஒண்ணுமே இல்ல.

இது ஒரு சின்ன விஷயம்னு உங்களுக்கு தோணலாம். எனக்கு அப்படி தோணல, அத சொல்லத்தான் இந்த கடிதம்.

முதல் படத்த எடுத்துக்குங்க. சிவன் உக்காந்திருக்காரு, பக்கத்துல அம்பாள், காலடியில கை கூப்பிகிட்டு உக்காந்திருக்குறவரு தலையில சிவனே பூமாலைய சுத்தி கட்டுறாரு. அது கங்கைகொண்ட சோழபுரத்துல வடக்கு வாசல் படிக்கட்டு பக்கத்துல இருக்குற, சண்டேசர்ங்குற சிவபக்தருக்கு அருள் பண்ற சிற்பம். ராஜேந்திர சோழனுக்கே சிவன் முடி சூட்டுறதா அத பாக்குறவங்களும் உண்டு. எல்லா நேரமும் அதுல வெயில் ஒரே மாதிரி விழாது. சாய்ஞ்ச வெயில் பக்கவாட்டுல வந்து பட்டாத்தான் அந்த மாலையும் சிவனோட விரலும் எடுப்பா தெரியும். உங்க படத்துல அந்த விரலோட நிழல் கல்லுல விழுந்திருக்கு. அப்படின்னா அந்த பையனோ பொண்ணோ நேரம் பாத்து போயி நின்னிருக்காங்க. இவ்வளவும் அந்த படத்துக்குள்ள இருக்கு. நீங்க "கண்ணைக் கவரும்"னு ரெண்டு வார்த்தை போட்டு எல்லாத்தயும் மூடிட்டீங்க.

நான் எதுக்கு இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ஊர் பேரும் தேதியும் எழுதி வச்ச ஒரு சாதாரண படம் என்ன பண்ணும்னு எங்க பக்கத்துல கண்கூடா பாத்தாச்சு. பாபநாசத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவுல சுந்தரப்பெருமாள்கோயில்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, எக்ஸ்பிரஸ்ல போறவங்களுக்கு பேரு கூட தெரியாது. அந்த ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயில்ல கத்தியும் கேடயமும் வச்சுகிட்டு நிக்குற திருமங்கை ஆழ்வார் செப்புத்திருமேனி ஒண்ணு இருந்துச்சு. 1967ல லண்டன்ல ஒரு ஏலத்துல ஆக்ஸ்போர்டுல இருக்குற அஷ்மோலியன் மியூசியம் ஒரு திருமங்கை ஆழ்வார வாங்கி வச்சுகிச்சு. அம்பது வருஷத்துக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது, ஊர்ல இருக்குறவங்க கோயில்ல இருக்குறததான் ஆழ்வார்னு கும்பிட்டுகிட்டு இருந்தாங்க. 2019ல ஒரு ஆராய்ச்சியாளர் பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டோட பழைய படங்கள பாத்துட்டு அந்த மியூசியத்துக்கிட்ட சொல்றாரு, இந்த ஆழ்வார் 1957ல சுந்தரப்பெருமாள்கோயில்ல இருந்திருக்காரு, இதோ படம்னு. அதுக்கப்புறம் நம்ம சிலை கடத்தல் தடுப்பு போலீஸ் விசாரிச்சப்போ இப்ப கோயில்ல இருக்குறது நகல்னு தெரிய வந்துச்சு. 2024ல ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் திருப்பி குடுக்க சம்மதிச்சுது.

யோசிச்சு பாருங்க ஐயா. 1957ல ஒருத்தர் அந்த ஊருக்கு போயி ஆழ்வார் முன்னாடி நின்னு ஒரு கருப்பு வெள்ளை படம் எடுக்குறாரு. அது ஒண்ணும் போட்டிக்கு அனுப்புற படம் இல்ல, வெளிச்சம் அழகா இருக்கணும்னு எடுத்ததும் இல்ல, நேரா எதிர்ல நின்னு எடுத்த படம். ஆனா எந்த ஊரு, எந்த கோயில், எந்த வருஷம்னு எழுதி வச்சிருந்தாங்க. அந்த ஒரு வரி இல்லேன்னா அந்த படம் என்ன ஆயிருக்கும்? "அழகிய ஆழ்வார் சிலை". அவ்வளவுதான். அத வச்சுகிட்டு ஆக்ஸ்போர்டுல யாரயும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது.

இந்த ஒண்ணு மட்டும் இல்ல. அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயில்லேர்ந்து 1978ல களவு போன ராமர், லட்சுமணர், சீதை திருமேனிங்க 2020ல லண்டன்லேர்ந்து திரும்ப கிடைச்சதும் அதே இன்ஸ்டிடியூட் 1958ல எடுத்து வச்ச படத்தாலதான். விருத்தாசலத்துல கோஷ்டத்துல, அதாவது கோயில் வெளிச்சுவர் மாடத்துல, இருந்த அர்த்தநாரீஸ்வரர், அது கல்லு, செம்பு கூட இல்ல, ஆஸ்திரேலியா வரைக்கும் போயிடுச்சு, ஸ்ரீபுரந்தான் நடராஜரும் அதே நாட்டுக்குத்தான் போனாரு, ரெண்டு பேரும் 2014ல ஊர் திரும்பினாங்க, அங்கயும் சாட்சி சொன்னது பழைய படங்கதான். அந்த இன்ஸ்டிடியூட் 1955ல ஆரம்பிச்சது, ஒரு லட்சத்துக்கும் மேல கோயில் படம் அவங்ககிட்ட இருக்கு. நம்ம ஊர் கோயில நாம எழுதி வைக்கல, அவங்க எழுதி வச்சாங்க, இத சொல்றப்ப எனக்கு நன்றியும் வருது வருத்தமும் வருது.

அவங்களுக்கும் நூறு வருஷம் முன்னாடி, 1858ல, லின்னேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி மெழுகு ஏத்துன பேப்பர் நெகட்டிவ வச்சுகிட்டு தஞ்சாவூருக்கு வந்தாரு. பெரிய கோயில் விமானத்த எடுத்ததோட நிக்காம கீழ அதிஷ்டானத்துல, அதாவது அடித்தளத்துல, ஓடுற கல்வெட்ட துண்டு துண்டா எடுத்து பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினாரு. சுத்தி வந்து எழுத்த எழுத்தா எடுக்கணும்னு அந்த வெயில்ல அவருக்கு தோணியிருக்கே, அத நினைச்சா எனக்கு இன்னைக்கும் மரியாதை வருது.

இப்ப என் கதைக்கு வர்றேன், இத சொல்ல கூச்சமாத்தான் இருக்கு, ஆனா சொன்னாத்தான் மத்தவங்க அந்த தப்ப பண்ண மாட்டாங்க. தொண்ணூறுகள்ல நான் எடுத்த நெகட்டிவ் எல்லாம் கவர்ல போட்டு கவர் மேல "கோயில் ரோல் 14", "கோயில் ரோல் 15"னு மட்டும் எழுதி வச்சேன். எனக்குத்தான் ஞாபகம் இருக்குமேன்னு ஒரு தைரியம். ஒரு பிலிம் ரோலுக்கு 36 படம், ரோல் விலை அதிகம், அதனால கோபுரம் மதிலுன்னு பொதுவான படத்துக்கு ரோல வீணாக்க மாட்டேன், நேரா சிற்பத்துகிட்ட போயி முகத்த மட்டும், கைய மட்டும், கல்வெட்ட மட்டும்னு கிட்டக்க கிட்டக்க எடுப்பேன். ஒரே நாள்ல மூணு ஊர் கோயில் பாத்துடுவேன். போன வருஷம் ஒரு கிராமத்துலேர்ந்து ஒரு தம்பி தேடிகிட்டு வந்தாரு. "ஐயா, எங்க கோயில் திருப்பணியில சுவத்துல டைல்ஸ் ஒட்டிட்டாங்க, கல்வெட்டு உள்ள போயிடுச்சு, நீங்க அந்த காலத்துல வந்து படம் எடுத்தீங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, இருந்தா குடுங்க"ன்னு கேட்டாரு. இருக்கு தம்பின்னு சந்தோஷமா பெட்டிய திறந்தேன். அந்த ரோல்ல கல்வெட்டு படம் ஒம்போது இருக்கு. மூணு கோயில்ல எது எதுன்னு எனக்கு தெரியல. எல்லாம் ஒரே மாதிரி கருங்கல்லு, எல்லாம் ஒரே மாதிரி எழுத்து, பாதி எழுத்து சுண்ணாம்பு ஏறி மழுங்கி கிடக்கு. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் லென்ஸ வச்சுகிட்டு ரெண்டு பேரும் பாத்தோம். கடைசியில ஒரு படத்துல ஓரமா தூண்ல அடிச்சிருந்த பழைய மர சுவிட்ச் போர்டு தெரிஞ்சுது, "இது எங்க கோயில் போர்டுதான் ஐயா, நான் சின்ன வயசுல இதுல ஷாக் வாங்கியிருக்கேன்"னு அந்த தம்பி கத்திட்டாரு. அந்த படத்தயும் சேத்து தொடர்ச்சியா இருந்த மூணு படம் அவர் ஊருன்னு ஆச்சு. மீதி ஆறு இன்னைக்கும் எந்த ஊர்னு எனக்கு தெரியாது. ராஜராஜன் காலமோ குலோத்துங்கன் காலமோ, யாரோ ஒருத்தர் கோயில் விளக்குக்கு ஆடு குடுத்ததோ நிலம் குடுத்ததோ அதுல இருக்கலாம், அந்த கல்லும் இப்ப டைல்ஸுக்கு உள்ளயோ பெயிண்டுக்கு உள்ளயோ போயிருக்கலாம், படம் என்கிட்ட இருந்தும் ஊருக்கு உபயோகம் இல்லாம போச்சு.

அன்னையிலேர்ந்து எங்கிட்ட கத்துக்க வர்ற பசங்க எல்லார்கிட்டயும் ஒண்ணேதான் சொல்றேன். முதல்ல கோயில் பேர் பலகைய ஒரு படம் எடு, இப்பதான் ரோல் காசு இல்லையே. அப்புறம் கோபுரம் தெரியுற மாதிரி தூரத்துலேர்ந்து ஒண்ணு. அப்புறம் எந்த சுவரோ அந்த சுவர் முழுசா. அதுக்கப்புறம் கிட்ட போயி உன் இஷ்டத்துக்கு எடு. வீட்டுக்கு வந்த உடனே, அன்னைக்கு ராத்திரியே எழுது, மறுநாள்னு தள்ளிப்போட்டா மறந்துடும். எந்த திசை சுவருன்னு எழுதுறது ரொம்ப முக்கியம். சிவன் கோயில்னா பெரும்பாலும் தெக்க தட்சிணாமூர்த்தி, மேற்க லிங்கோத்பவரோ பெருமாளோ, வடக்க பிரம்மாவும் துர்கையும், ஆனா பல கோயில்ல திருப்பணியில இடம் மாத்தி வச்சிருக்காங்க, அது எப்ப மாறுச்சுன்னு உன் படம்தான் பின்னாடி சொல்லும். சிற்பம் இப்ப இருக்குற இடம் வேற, பிறந்த இடம் வேறன்னா ரெண்டயும் எழுது. தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல நிக்குற கஜசம்ஹாரமூர்த்தி தாராசுரத்துலேர்ந்து போனவரு, அத வெறும் தஞ்சாவூர்னு போட்டா அவர் வீட்ட மறைச்ச மாதிரி ஆகும்.

ஊர் பேர போட்டா திருடனுக்கு வழி காட்டுன மாதிரி ஆகாதான்னு சில பேர் கேக்குறாங்க. நியாயமான பயம்தான், கடத்தல்காரங்களும் போட்டோ எடுத்துத்தான் வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்பியிருக்காங்க, கேஸ்ல வந்துச்சு. அதனால பூட்டி வச்சிருக்குற உற்சவர் எந்த அறையில இருக்காரு, சாவி யாருகிட்டன்னு யாரும் போட வேண்டாம், அந்த படங்கள ஊர்லயும் அறநிலையத்துறையிலயும் பத்திரமா வச்சிருந்தா போதும். ஆனா ஸ்ரீபுரந்தான்ல நடந்தத பாருங்க, பூசை நின்னு போயி ஆள் நடமாட்டமே இல்லாம கிடந்த கோயில், 2006ல திருட்டு போயிருக்கு, 2008ல சிலைகள பாதுகாப்பான இடத்துக்கு மாத்தலாம்னு அதிகாரிங்க போனப்பதான் காணும்னே தெரியுது. திருடனுக்கு அந்த ஊர் தெரிஞ்சிருந்துச்சு. நமக்குத்தான் தெரியல. யாருமே போகாத, யாருமே படம் எடுக்காத கோயில்தான் அவங்களுக்கு வசதி.

இதுல இன்னொரு கஷ்டம் இருக்கு. 2022 டிசம்பர்ல ஹைகோர்ட்டோட மதுரை கிளை தமிழ்நாட்டு கோயில்கள்ல செல்போனுக்கு தடை போடச் சொல்லுச்சு. காரணம் எனக்கு நல்லா புரியுது. கருவறை வாசல்ல ஆரத்தி காட்டுறப்ப அம்பது கை போன தூக்கிகிட்டு நிக்குறத நானும் பாத்திருக்கேன், பின்னாடி நிக்குற வயசானவங்களுக்கு சாமி தெரியாது, போன் ஸ்கிரீன்தான் தெரியும். அது நிக்கணும். மூலவர படம் எடுக்கக்கூடாது, அதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல, நான் ஒரு நாளும் எடுத்ததில்ல. ஆனா வெளி பிரகாரத்துல வெயில்லயும் மழையிலயும் நிக்குற கல்லு சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் ஒரு வழி வேணும். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி தொல்லியல் துறை கையில இருக்குற கோயில்ல சாதாரணமா எடுக்கலாம், ஸ்டாண்டு வைக்கணும்னாதான் அனுமதி வாங்கணும். நூத்துக்கணக்குல இருக்குற சின்ன கோயில்லதான் ஒரு ஊர்ல ஆபீஸ்ல சொல்லிட்டு எடுங்கன்னு சொல்றாங்க, அடுத்த ஊர்ல மதில் பக்கம் கேமராவ தூக்குனாலே விரட்டுறாங்க. முன்ன மாதிரி கேமராவுக்கு தனி சீட்டு போடட்டும், பேரு, விலாசம், ஆதார் நம்பர் எழுதி வாங்கட்டும், எடுத்த படத்துல ஒரு காப்பி கோயில் ஆபீஸுக்கு குடுக்கணும்னு கண்டிஷன் கூட போடட்டும், சந்தோஷமா குடுப்போம். அப்படி பண்ணா பத்து வருஷத்துல ஒவ்வொரு கோயில்லயும் அதோட சொந்த ஆல்பம் இருக்கும். திருப்பணிக்கு முன்னாடி சுவர் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எடுத்துக் காட்டலாம். இத உங்க பத்திரிகை எழுதுனா கேக்குற இடத்துல கேக்கும் ஐயா.

படம் எடுக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கல்வெட்டு எழுத்து தெரியலேன்னு சாக்பீஸ தேய்க்காதீங்க, சிற்பம் பளபளன்னு வரணும்னு எண்ணெய் தடவாதீங்க, ரெண்டயும் நான் கண்ணால பாத்து சண்டை போட்டிருக்கேன். தொல்லியல் துறைக்காரங்க கல்வெட்டு மேல காகிதம் ஒட்டி மை தடவி மைப்படி எடுக்குறாங்கன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு, பழக்கம் இருக்கு. நமக்கு பக்கவாட்டு வெளிச்சம் போதும், மழுங்குன எழுத்து கூட எந்திரிச்சு நிக்கும், காலையில ஏழரை மணிக்கு போங்க. சுவரோவியம் இருக்குற இடத்துல ஃபிளாஷ் போடாதீங்க. தாராசுரத்துல கீழ் வரிசையில நாயன்மார் கதை குட்டி குட்டியா ஓடுது, ஒரு முழ உயரம் கூட இருக்காது, முதலை வாயிலேர்ந்து பிள்ளைய சுந்தரர் மீட்டது எல்லாம் அதுல இருக்கு, பேரும் கல்லுலயே வெட்டியிருக்கு, தரையில உக்காந்தாத்தான் கிடைக்கும். யானைக்கும் காளைக்கும் ஒரே தலையா செதுக்குனத மட்டும் எடுத்துட்டு ஓடிப்போயிடுறாங்க, இத யாரும் குனிஞ்சு கூட பாக்குறதில்ல. மேல ஏறி நின்னு செல்பி எடுக்குறவங்கள பத்தி தனியா ஒரு கடிதம் எழுதணும், இப்ப வேண்டாம்.

சரி, உங்க அஞ்சு படத்துக்கும் எனக்கு தெரிஞ்சத எழுதுறேன், அடுத்த வாரம் ஒரு ஓரத்துலயாவது திருத்தம் போடுங்க. முதல் படம் கங்கைகொண்ட சோழபுரம், வடக்கு வாசல், சொல்லிட்டேன். ரெண்டாவது, "மாலைப் பொழுது"ன்னு போட்டிருக்குற மலைப்படம், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. பாறை சரிவுல தனியா நிக்குறது விஜயாலய சோழீச்சுரம், பேர்ல சோழன் இருந்தாலும் கட்டுனவர் சாத்தன் பூதின்னு ஒரு முத்தரையர் தலைவர்னு அங்க கல்வெட்டே இருக்கு. கோயில் மேற்கு பாத்தது, அதனாலதான் சாயங்கால வெயில் நேரா வாசல்ல இருக்குற துவாரபாலகர் மேல அடிச்சு அந்த செம்மஞ்சள் நிறம் வந்திருக்கு, காலையில போயிருந்தா அந்த படம் கிடைச்சிருக்காது. மூணாவது தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், தெக்கு பக்கம் தேர் மாதிரி நீட்டி கட்டுன ராஜகம்பீரன் மண்டபத்தோட சக்கரம், ரெண்டாம் ராஜராஜன் காலம், தஞ்சாவூருக்கு அப்புறம் நூத்தம்பது வருஷம் கழிச்சு வந்த கோயில். நாலாவது மாமல்லபுரம், அர்ச்சுனன் தபசுன்னும் கங்கை இறங்குறதுன்னும் ரெண்டு விதமாவும் சொல்ற அந்த பெரிய பாறை, கிழக்கு பாத்தது, எடுத்தவர் காலையில போயிருக்காரு, ரெண்டு கைய தூக்கி தவம் பண்ற பூனையும் காலடியில எலிங்களும் சுத்தமா விழுந்திருக்கு.

அஞ்சாவது படம்தான் என்ன தூங்க விடல. ஏதோ சின்ன கோயில், துர்கை எருமைத்தலை மேல நிக்குறா, பாசி ஏறின கல்லு, மூக்கு நுனி கொஞ்சம் சிதைஞ்சிருக்கு, இடது பக்க கீழ் கையில ஒரு விரல் இல்ல, தலைக்கு மேல அரசமரக் கன்னு ஒண்ணு வேர் விட்டிருக்கு. புள்ளமங்கை கோயில் துர்கைக்கு மேல குடை இருக்கும், இதுல இல்ல, அதனால அது இல்ல. நானும் என் பெட்டியில இருக்குற வடக்கு கோஷ்டம் படம் பூராவும் எடுத்து வச்சு பாத்துட்டேன், ஒத்து வரல. அந்த அரசமரக் கன்ன சின்னதா இருக்குறப்பவே பிடுங்கியாகணும், இன்னும் ரெண்டு மழை பாத்தா வேர் கல்ல பிளந்துடும். அந்த படத்த எடுத்த தம்பியோ தங்கச்சியோ இத படிச்சா எந்த ஊர், என்னைக்கு எடுத்ததுன்னு உங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. பஸ் போகாத ஊரா இருந்தாலும் பரவால்ல, நான் போயி கோயில் ஆளுங்ககிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
கும்பகோணம்